சின்னக் கைகளும் சின்னச் சந்தோசங்களும்

சனிக்கிழமை பின்னேரங்களில் லாச்சப்பலுக்குப் போய் வருபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இரண்டாம் இலக்க மெற்றோவில் வந்து இறங்கியவர்களும் கார் து நோர் பக்கத்தில் இருந்து நடந்து வந்தவர்களும் ஃபோபூர் சான்-தெனி வீதியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடக்கிறார்கள். ஒரு கையில் முருங்கைக்காயும் கருவேப்பிலையும் நிறைந்த பை. மற்றக் கையில் பிள்ளையின் வண்டில். நமக்கோ நேரமில்லை. அரிசி வாங்க வேண்டும், மீன் வாங்க வேண்டும், இரவு வேலைக்குப் போக வேண்டும். பிள்ளையோ மாம்பழப் பெட்டியைக் கண்டதும் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு பழத்தைத் தொட்டுப் பார்க்கிறது. மணந்து பார்க்கிறது. பிறகு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

"வா, வா, நேரம் போகுது" என்று இழுத்துக்கொண்டு போகிறோம்.

நாங்களும் அப்படி இழுத்துக்கொண்டு போன பெற்றோர்தான். எங்களில் ஒருவருக்கு உணவகத்தில் வேலை. மற்றவருக்கு அதிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. ஊரில் என்றால் அம்மம்மா, அப்பம்மா, சித்தி, மாமி என்று பிள்ளையைத் தூக்கப் பத்துக் கைகள் இருக்கும். இங்கே நான்கு கைகள்தான். அதிலும் இரண்டு எப்போதும் வேலையில் இருக்கும். ஆனாலும் பிள்ளை வளர்ப்பில் கிடைக்கும் சின்னச் சின்னச் சந்தோசங்களையும் பிள்ளையின் ஆரோக்கியத்தையும் வேறு வேறாகப் பிரிக்க முடியாது என்பதை இந்தச் சில வருடங்களில் கண்டுகொண்டோம். அந்த அனுபவத்தையும், தாய் சேய் நல நிலையத்தில் கேட்டு அறிந்தவற்றையும் இம்முறை சுகாதாரப் பக்கத்தில் பகிர்ந்துகொள்கிறோம்.

எண்ணெய் பூசித் தண்ணீர் வார்த்தல்

முதல் பிள்ளை பிறந்தபோது, "எண்ணெய் பூசிப் பிடித்துத் தண்ணீர் வார்த்தால்தான் பிள்ளை நல்லாய் நித்திரை கொள்ளும்" என்று தொலைபேசியில் அம்மம்மா சொன்னார். இங்கே அப்படிச் செய்யலாமா, வைத்தியர் ஏசுவாரா என்று பயந்தோம். பிறகுதான் ஒரு விடயம் தெரிய வந்தது. பிரசவ வைத்தியரான ஃப்ரெதெரிக் லெபுவாயே என்ற பிரெஞ்சுக்காரர் கொல்கத்தாவில் ஒரு தாய் தன் குழந்தையின் உடம்பைப் பிடித்துவிடுவதைக் கண்டு வியந்து, அந்தத் தாயின் பெயரான 'சாந்தலா' என்பதையே தலைப்பாக வைத்து 1976இல் ஒரு நூல் வெளியிட்டார். குழந்தைக்கு உடம்பு பிடித்துவிடும் வழக்கம் பிரான்சில் பரவியதில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பாட்டிமார் கைப்பழக்கமாகச் செய்துவந்ததை இன்று இங்கே வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆகவே தாராளமாகப் பிடித்துவிடுங்கள். அறை சூடாக இருக்கட்டும். கை மென்மையாக இருக்கட்டும். பிள்ளை முகம் சுளித்தால் நிறுத்திவிடுங்கள். ஆனால் பழைய வழக்கத்தில் இரண்டு விடயங்களை விட்டுவிட வேண்டும். மூக்கிலோ காதிலோ எண்ணெய் விடக்கூடாது. மூக்கில் விடும் எண்ணெய் சுவாசப்பைக்குள் போனால் கடுமையான சளிச்சுரம் வரலாம். இரண்டாவது, கண்ணுக்கு மை. கடைகளில் விற்கும் சில மைகளில் ஈயம் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஈயம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்தாம், பதினெட்டாம் வட்டாரங்களில் நம்மவர்கள் இருக்கும் கட்டடங்கள் பல மிகப் பழையவை. 1949இற்கு முன் கட்டிய வீடுகளின் சுவரிலும் யன்னல் சட்டத்திலும் ஈயம் கலந்த பழைய வர்ணம் இருக்கக்கூடும். தவழும் பிள்ளை உரிந்து விழும் வர்ணத் துண்டை எடுத்து வாயில் வைக்கும். உங்கள் வீட்டுச் சுவர் உரிகிறது என்றால் பிள்ளையின் வைத்தியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை ஒன்றில் தெரிந்துவிடும்.

கூழ் துழாவும் கை

பிள்ளை தன் சின்னக் கையால் துழாவிய கூழ் அமிழ்தத்தை விட இனிது என்ற கருத்தை வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் வைத்திருக்கிறார். நம் வீடுகளில் நடப்பது என்ன? உடுப்பு ஊத்தையாகும், நிலம் ஊத்தையாகும் என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கைத்தொலைபேசியில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, வாய் திறக்கும் நேரம் பார்த்துச் சோற்றைத் தீத்துகிறோம். கோப்பை முடிந்துவிடும். ஆனால் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று பிள்ளைக்கே தெரியாது. பசி எது, வயிறு நிறைந்தது எது என்பதையும் அது பழகிக்கொள்வதில்லை.

ஒரு நாள் நிலத்தில் பழைய துணியை விரித்து, பருப்பும் சோறும் குழைத்து, பிள்ளையின் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். பாதி தலையில், கால்வாசி நிலத்தில், மீதி வாயில். ஆனால் அன்றுதான் அவள் முதன்முறையாகக் "காணும்" என்று கையை மடித்துக் காட்டினாள். அந்தச் சொல்லுக்காக ஒரு தரம் நிலம் துடைப்பதில் தவறில்லை.

உணவு விடயத்தில் இங்கு வைத்தியர்கள் சொல்பவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்:

தாய்ப்பால் சிறந்தது. மற்ற உணவுகளை 4 மாதம் முடிந்த பின், 6 மாதத்திற்குள் மெல்ல மெல்லத் தொடங்கலாம். முட்டை, மீன் போன்றவற்றை ஒவ்வாமைக்குப் பயந்து பிந்திப் போடத் தேவையில்லை. நன்றாக வேகவைத்துச் சிறிதளவில் கொடுத்துப் பாருங்கள்.

ஒரு வயது வரை தேன் கூடாது. சேனை வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பச்சிளம் குழந்தைக்குத் தேனால் பொற்றுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். அந்த வயது வரை உணவில் உப்பும் சீனியும் சேர்க்க வேண்டாம்.

ஒரு வயதிற்கு முன் பசுப்பாலைப் பிரதான பாலாகக் கொடுக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தேநீரும் வேண்டாம். உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலை குறைக்கிறது. கீரை, பருப்பு, மீன், இறைச்சி ஆகியவற்றுடன் ஒரு தோடம்பழத் துண்டு கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

லாச்சப்பலில் வாங்கும் மிக்சர் பக்கற்றை வண்டிலில் இருக்கும் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம். கச்சான், கடலை, முழுத் திராட்சை போன்றவை சின்னப் பிள்ளையின் தொண்டையில் அடைத்து மூச்சை நிறுத்திவிடலாம். முழுக் கச்சானை ஐந்து வயது வரை தள்ளி வையுங்கள். திராட்சையை நீளப்பாட்டில் வெட்டிக் கொடுங்கள்.

வைத்தியர் எழுதித் தரும் விற்றமின் டி துளிகளை மறக்க வேண்டாம். இங்கே மாரிகாலத்தில் வெயில் போதாது. நம் தோலின் நிறத்திற்கு இன்னும் கூடிய வெயில் தேவை. பிரான்சில் 2022இல் வெளியான சிறுவர் வைத்தியர்களின் பரிந்துரைப்படி பிறந்ததில் இருந்து 18 வயது வரை இது தேவை.

அம்மம்மாவின் குரல்

இனி நாங்கள் விட்ட பிழை ஒன்றைச் சொல்கிறோம்.

பிரான்சில் 2019 செப்ரெம்பரில் இருந்து 3 வயதிலேயே பாடசாலை கட்டாயம். எங்கள் மூத்தவளும் மூன்று வயதில் எக்கோல் மத்தெர்னெல் போகத் தொடங்கினாள். முதல் தவணையில் வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. "வீட்டில் பிரெஞ்சு கதையுங்கள், அப்போதுதான் பிள்ளை முன்னேறும்" என்று அங்கே ஒருவர் எங்களிடம் சொன்னார். நல்லதை நினைத்துத்தான் சொன்னார். நாங்களும் அன்றிலிருந்து தமிழை நிறுத்தினோம்.

எங்களுக்குத் தெரிந்த பிரெஞ்சு எவ்வளவு? வா, போ, சாப்பிடு, கை கழுவு, நித்திரை கொள். அதற்கு மேல் எங்களுக்கு வராது. நரி வடை பறித்த கதையைப் பிரெஞ்சில் சொல்லத் தெரியாது. விழுந்து அழும்போது "ஐயோ என்ர குஞ்சு" என்பதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது? வீட்டில் கட்டளைகள் மட்டும் மிஞ்சின. கதை போய்விட்டது. கொஞ்சல் போய்விட்டது. பிள்ளை இன்னும் அமைதியாகிவிட்டாள்.

நான்கு மாதங்களின் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மம்மா கதைத்தார். கைத்தொலைபேசியில் அவருடைய முகத்தைக் கண்டதும் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு மற்ற அறைக்குப் போய்விட்டாள். அம்மம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பிள்ளைக்கு என்னை ஆரெண்டு தெரியேல்லைப் போல" என்றார். அன்று இரவு எங்கள் இருவருக்கும் நித்திரை வரவில்லை.

அடுத்த கிழமை தாய் சேய் நல நிலைய வைத்தியரிடம் இதைச் சொன்னோம். அவர் முதலில் பிள்ளையின் காது கேட்கும் திறனைப் பரிசோதித்தார். அது சரியாக இருந்தது. பிறகு, "உங்களுக்கு எந்த மொழியில் பாட்டும் கதையும் கோபமும் சிரிப்பும் வருகிறதோ அந்த மொழியில் கதையுங்கள். பிரெஞ்சைப் பாடசாலை பார்த்துக்கொள்ளும்" என்றார்.

இது ஒரு வைத்தியரின் தனிப்பட்ட கருத்து அல்ல. 1988இல் பாரிசில் ஜாக் மெலேர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வு, பிறந்து 4 நாட்களேயான குழந்தைகள் கூடத் தம் தாயின் மொழியை இன்னொரு மொழியில் இருந்து பிரித்தறிகின்றன என்று காட்டியது. வயிற்றில் இருக்கும்போதே காது அந்தத் தாளத்தைப் பழகிவிடுகிறது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு நீண்ட காலம் பணியாற்றிவரும் மனநல வைத்தியர் மரி ரோஸ் மோரோ, தாய்மொழியில் உறுதியாக நிற்கும் பிள்ளைக்கு இரண்டாம் மொழி இலகுவாகும் என்று வலியுறுத்தி வருகிறார். பொபினியில் உள்ள அவிசென் மருத்துவமனையில், வேறு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளின் தாய்மொழித் திறனை அறிய ஏலால் என்ற பரிசோதனை முறையை உருவாக்கினார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளிடமும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நாங்கள் மீண்டும் தமிழுக்குத் திரும்பினோம். பாடசாலைக்குப் போகும் வழியில் காகம், புறா, மழை, பாண் கடை என்று கண்டதை எல்லாம் கதைத்துக்கொண்டு போனோம். சில மாதங்களில் வகுப்பிலும் பிரெஞ்சு வந்தது. இப்போது அவள் அம்மம்மாவுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிறாள். அம்மம்மா "பொஞ்சூர்" என்று சொல்ல, இவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துக் கதைக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், "இரண்டு மொழி என்றபடியால் பிந்துகிறது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம். வைத்தியரிடம் காட்டுங்கள். தேவையென்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்புவார்கள். முந்திப் போனால் முந்திப் பலன் கிடைக்கும்.

கைத்தொலைபேசி என்ற ஆயா

வேலையால் வந்து களைத்துப்போய் இருக்கும்போது பிள்ளையின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடாத பெற்றோர் நம்மில் எத்தனை பேர்? குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஆனால் 3 வயதிற்கு முன் திரை வேண்டாம் என்பதுதான் இங்கு தரப்படும் அறிவுரை. திரை பிள்ளையோடு கதைக்கும், ஆனால் பிள்ளை சொல்வதைக் கேட்காது. பிள்ளை சிரித்தால் திருப்பிச் சிரிக்காது. மொழி வளர்வது அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். அம்மம்மாவோடு முகம் பார்த்துக் கதைப்பது வேறு. அங்கே ஒரு மனிதர் பதில் சொல்கிறார். பக்கத்தில் நாமும் இருக்கிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு சிறு ஒழுங்கு வைத்தோம். சாப்பாட்டு நேரத்திலும் நித்திரைக்கு முந்திய ஒரு மணித்தியாலத்திலும் எல்லாக் கைத்தொலைபேசிகளும் குளிரூட்டிக்கு மேலே. எங்களுடையதும் சேர்த்துத்தான். முதல் கிழமை பிள்ளைகளை விட எங்களுக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

காசில்லாத சந்தோசங்கள்

லாச்சப்பல் என்றால் கடைகள் மட்டும் என்று நினைக்கிறோம். சாமான் வாங்கிய பின் ஒரு அரை மணித்தியாலம் பிள்ளைக்குக் கொடுங்கள். ஓபெர்வில்லியே வீதிப் பக்கம் 2007இல் திறந்த ஏயோல் பூங்கா இருக்கிறது. ஓடி விளையாட இடம் உண்டு. பஜோல் பக்கம் பழைய தொடரூந்துக் கொட்டகையைத் திருத்திக் கட்டிய இடத்தில் வாக்லாவ் ஹாவெல் நூலகம் இருக்கிறது. பாரிஸ் நகர நூலகங்களில் நூல் இரவல் எடுக்கக் காசில்லை. பிரெஞ்சுப் படப் புத்தகத்தை எடுத்து, படத்தைக் காட்டித் தமிழில் கதை சொல்லலாம். எழுத்து வாசிக்கத் தெரிய வேண்டும் என்றில்லை.

அதே பஜோல் வீதியில்தான் மாணிக்க விநாயகர் ஆலயமும். 1996இல் தொடங்கிய தேர் வீதியுலா ஒவ்வொரு வருடமும் கோடை முடியும் நாட்களில் நடக்கிறது. அப்பாவின் தோளில் இருந்து தேர் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். சிதறு தேங்காய் உடைபடும்போது கண்ணை மூடித் திறக்கும் அந்த ஒரு கணம் போதும். அன்று மட்டும் பிள்ளைக்குத் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துச் செல்லுங்கள். மேளத்திற்கு மிகக் கிட்ட நிற்க வேண்டாம். சின்னக் காதுகள் பெரிய சத்தத்தைத் தாங்காது.

நித்திரையும் தாலாட்டும்

முதல் ஒரு வருடம் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். உறுதியான மெத்தை, தனிக் கட்டில். தலையணையும் போர்வையும் பஞ்சுப் பொம்மையும் வேண்டாம். போர்வைக்குப் பதில் நித்திரைப் பை போதும். முதல் 6 மாதம் பெற்றோரின் அறையிலேயே அந்தக் கட்டில் இருக்கட்டும். அறையின் வெப்பம் 18 முதல் 20 பாகை அளவில் இருந்தால் நல்லது. 1990களில் மல்லாக்கப் படுக்க வைக்கும் அறிவுரை பரவிய பின் பிரான்சில் திடீர்க் குழந்தை மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. ஏணையில் ஆட்டுவது நம் வழக்கம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் விழித்திருக்கும்போது ஆட்டலாம். இரவு நித்திரைக்கு ஏணை வேண்டாம்.

தாலாட்டுத் தெரியாது என்று கவலைப்படாதீர்கள். எங்களில் ஒருவருக்குக் குரலே இல்லை. ஆனாலும் தினமும் அதே நேரம், அதே பாட்டு, அதே விளக்கு என்றால் பிள்ளையின் உடம்பு நித்திரைக்கு ஆயத்தமாகிவிடும். எங்கள் சின்னவனுக்குப் பாட்டின் மூன்றாவது வரியில் கொட்டாவி வந்துவிடும்.

உதவி கேட்பது வெட்கமல்ல

1945ஆம் ஆண்டு நவம்பரில் பிரான்சில் தொடங்கிய பே.எம்.ஈ. எனப்படும் தாய் சேய் நல நிலையங்கள் 6 வயது வரையான பிள்ளைகளை இலவசமாகப் பார்க்கின்றன. நிறை பார்ப்பது, தடுப்பூசி போடுவது, பாலூட்டுவதில் உள்ள சிக்கல், நித்திரை, அழுகை என்று எதையும் அங்கே கேட்கலாம். பிள்ளை பிறந்ததும் தரப்படும் சுகாதாரப் புத்தகத்தை, அதாவது கார்னே து சாந்தேயை, எப்போதும் பையில் வைத்திருங்கள். 16 வயது வரை 20 கட்டாயப் பரிசோதனைகள் உண்டு. 2018 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு 11 தடுப்பூசிகள் கட்டாயமாக்கப்பட்டன. 2025 ஜனவரி முதல் மெனிங்கோகோக்கஸ் கிருமியின் ஏ, சி, டபிள்யூ, வை வகைகளுக்கும் பி வகைக்கும் எதிரான ஊசிகளும் கட்டாயம். முதல் பல் முளைத்ததும் பல் துலக்கத் தொடங்குங்கள். 3 வயதில் இருந்து இலவசப் பல் பரிசோதனைக்குக் காப்புறுதி அழைக்கும். அந்தக் கடிதத்தை எறிந்துவிட வேண்டாம்.

3 மாதத்திற்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும். மூச்சு விடக் கஷ்டப்பட்டால் அல்லது எழுப்பியும் எழும்பவில்லை என்றால் 15ஐ அழையுங்கள்.

தாய்மாரே, உங்களையும் மறக்க வேண்டாம். பிள்ளை பெற்ற பின் காரணமில்லாமல் அழுகை வருவதும், பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாமல் இருப்பதும் பலருக்கு நேரும். அது கெட்ட தாய் என்பதற்கு அடையாளம் அல்ல. வைத்தியம் உண்டு. 2022 ஜூலை முதல் பிரசவத்தின் பின் 4ஆம் கிழமைக்கும் 8ஆம் கிழமைக்கும் இடையில் ஒரு சந்திப்பு இதற்கென்றே கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அங்கே மனம் திறந்து கதையுங்கள். தகப்பன்மாரே, 2021 ஜூலை முதல் பிறப்பு விடுமுறையும் தந்தையர் விடுமுறையும் சேர்த்து 28 நாட்கள் உங்களுக்கு உண்டு. "முதலாளி என்ன நினைப்பார்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த நாட்கள் திரும்பி வராது.

தனிமையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1979இல் சிறுவர் வைத்தியர் ஃப்ரான்சுவாஸ் டொல்ற்றோவும் நண்பர்களும் பாரிசில் 'மெசோன் வெர்த்' என்ற பச்சை வீட்டைத் திறந்தார்கள். பெற்றோரும் சின்னப் பிள்ளையும் சேர்ந்து போய் இருந்து விளையாடி, மற்றப் பெற்றோருடன் கதைத்துவிட்டு வரும் இடம் அது. அதைப் பின்பற்றி நாடெங்கும் இப்படியான இடங்கள் உருவாகின. உங்கள் பகுதியில் எங்கே இருக்கிறது என்று பே.எம்.ஈ. தாதியிடம் கேளுங்கள்.

போன சனிக்கிழமையும் லாச்சப்பல் போனோம். சின்னவன் மாம்பழப் பெட்டியின் முன்னால் நின்றான். கடைக்காரத் தம்பியும் அவசரப்படுத்தவில்லை. ஒரு பழத்தை எடுத்து மணந்து பார்த்தான். பிறகு எங்கள் மூக்கருகில் கொண்டுவந்து நீட்டினான். நாங்களும் மணந்து பார்த்தோம். ஊர் மணத்தது. மெற்றோ ஒன்று தவறிப்போனது. அடுத்தது மூன்று நிமிடத்தில் வந்தது.